ஒரு சொல்லைத் திருத்தும் வழக்கறிஞர்கள்

செந்தூலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே இரண்டு முக்கியக் கட்டடங்கள் உள்ளன. ஒன்று, ஜாலான் டூத்தாவிலுள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகம். மற்றொன்று, நாடாளுமன்றம். வழக்கறிஞராக விரும்பும் மாணவர் ஒருவரிடம் எதிர்காலப் பணியிடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் முதல் கட்டடத்தையே சுட்டுவார். கறுப்பு அங்கி, சாட்சிக் கூண்டு, அனல் பறக்கும் வாதம் ஆகியவற்றைத் திரைப்படங்கள் நம் மனத்தில் ஆழமாகப் பதித்துவிட்டன. ஆனால், சட்டத்தின் வாசகத்தையே ஆராய்ந்து, அதிலுள்ள குறையைக் கண்டறிந்து, மாற்று வாசகத்தை எழுதித் தரும் வழக்கறிஞர்களும் நம் நாட்டில் உள்ளனர். மனித உரிமை தொடர்பான சட்டச் சீர்திருத்தத்தில் ஈடுபடும் இவர்களின் பணி, நீதிமன்றப் பணிக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. நம் மாணவர்களுள் சிலராவது இத்துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கருத்தாகும்.

முதலில், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வோம். ஒரு சட்டத்தால் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து அவர்களின் நிலையைக் கேட்டறிகின்றனர். பழைய தீர்ப்புகளைப் படிக்கின்றனர். மற்ற நாடுகள் அதே சிக்கலை எப்படிக் கையாண்டன என்பதை ஒப்பிடுகின்றனர். பின்னர், எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று பரிந்துரை எழுதி, அமைச்சுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் விளக்குகின்றனர். சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், பிரதமர்துறையின் சட்ட விவகாரப் பிரிவு, சுஹாகாம் எனப்படும் மனித உரிமை ஆணையம், வழக்கறிஞர் மன்றம், அரசு சாரா இயக்கங்கள் எனப் பல இடங்களில் இவர்கள் பணியாற்றுகின்றனர். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட சுஹாகாமின் கடமைகளுள் ஒன்று, சட்டங்களை வகுப்பதில் அரசாங்கத்திற்கு ஆலோசனை கூறுவதாகும்.

நல்ல வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடி நீதியைப் பெற்றுத் தரலாமே, சட்டத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவு, போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் கட்டாய மரண தண்டனையை விதித்தது. கட்டாயம் என்ற அந்தச் சொல் நீதிபதியின் கைகளைக் கட்டிப்போட்டது. குற்றம் நிரூபிக்கப்பட்ட பின்னர், அவர் கூட்டத்தின் தலைவனா, வறுமையால் பொட்டலம் சுமந்தவனா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு வழியில்லை. 2017இல் செய்யப்பட்ட திருத்தம்கூட மிகக் குறுகிய வாசலையே திறந்துவிட்டது.

மறைந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங், தூக்குக் கயிற்றை எதிர்நோக்கிய பலருக்காகப் பல்லாண்டு நீதிமன்றங்களில் போராடினார். ஒவ்வொரு வழக்கிலும் ஓர் உயிருக்காக வாதாடினார். வென்றால் அந்த ஒருவர் பிழைப்பார்; சட்டம் மட்டும் அப்படியே இருக்கும். அவர் 2014இல் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2023இல், கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதாவை மக்களவையில் தாக்கல் செய்தவர் அவருடைய மகன், அப்போதைய துணையமைச்சர் ராம்கர்ப்பால் சிங். ஏப்ரல் 3ஆம் நாள் மக்களவை அதை ஏற்றுக்கொண்டது. ஜூலை 4ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது.

அந்த மசோதா ஒரே இரவில் உருவானதன்று. 2019இல், முன்னாள் தலைமை நீதிபதி துன் ரிச்சர்ட் மலாஞ்சூம் தலைமையில் ஒரு சிறப்புக் குழு அமைக்கப்பட்டு, மாற்றுத் தண்டனைகள் ஆராயப்பட்டன. அதற்கு முன்னரே வழக்கறிஞர் மன்றமும் சுஹாகாமும் பல இயக்கங்களும் நீண்ட காலமாகக் குரல் கொடுத்து வந்தன. இதன் பயனாக, மரண தண்டனையோ ஆயுள் முடியும்வரை சிறையோ விதிக்கப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், தங்கள் தண்டனையை மறுஆய்வு செய்யும்படி கூட்டரசு நீதிமன்றத்தை நாட வழி பிறந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குற்றத்தால் உறவை இழந்த குடும்பங்களின் வேதனையும் உண்மையானது. அவர்களை மறந்துவிட்டு மனித உரிமை பேசக்கூடாது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனையை முற்றாக ஒழிக்கவில்லை. குற்றவாளிகளை விடுதலை செய்யவுமில்லை. மரண தண்டனைக்கு மாற்றாக 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் அளித்தது. ஒரு பக்கத்தின் துயரைத் தீர்க்கும்போது மறுபக்கத்தின் நியாயத்தையும் எடைபோடுவதே சட்டச் சீர்திருத்தத்தின் கடினமான பகுதியாகும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை இயல்பாகவே குடியுரிமை பெறுவது குறித்துக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கூறுகிறது. அதில் ‘தந்தை’ என்ற சொல் மட்டுமே இருந்தது. ஆகவே, மலேசியத் தந்தைக்குக் கிடைத்த உரிமை மலேசியத் தாய்க்குக் கிடைக்கவில்லை. சில தாய்மார்கள் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசியலமைப்பை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று கூறி, பெரும்பான்மை முடிவால் அத்தீர்ப்பை மாற்றியது. நீதிமன்றக் கதவு அடைபட்ட அவ்விடத்தில்தான் சட்டச் சீர்திருத்தம் தொடங்கியது. 2024 அக்டோபரில், தாய்க்கும் அவ்வுரிமை வழங்கும் திருத்தத்தை மக்களவை ஏற்றது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் மற்றொன்றும் நடந்தது. பெற்றோர் யாரென அறியப்படாத குழந்தைகளின் குடியுரிமைப் பாதுகாப்பைக் குறைக்கக்கூடிய சில முன்மொழிவுகளும் திருத்தங்களோடு இடம்பெற்றிருந்தன. வழக்கறிஞர்களும் சமூக இயக்கங்களும் அவற்றின் விளைவுகளை எடுத்துக்காட்டியபின், அரசாங்கம் அவற்றைக் கைவிட்டது. வெள்ளம் வருமுன் அணை போடுவது போல, தவறான வாசகம் சட்டமாகும் முன்னரே அதைத் தடுப்பதும் இத்துறையினரின் பணியாகும்.

இத்துறை நம் சமூகத்திற்கு ஏன் அவசியம்? செந்தூல், ரயில் பட்டறைத் தொழிலாளர்களால் வளர்ந்த ஊர். உழைக்க வந்தவர்களின் குடும்பங்களில் பத்திரங்களை முறையாகப் பேணும் வாய்ப்பு எல்லாருக்கும் இருந்ததில்லை. தந்தை மலேசியராகவும் தாய் வெளிநாட்டவராகவும் இருந்து, பிறப்பின்போது அவர்களின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்படாமல் இருந்தால், குழந்தைக்குத் தந்தையின் குடியுரிமை தானாகக் கிடைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் வகுப்புத் தோழர்கள் மைகாட் எடுக்கச் செல்லும்போது, அந்தப் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுகிறது. தன் தவறே இல்லாமல் அது சுமக்கும் பாரம் இது. இத்தகைய குடும்பத்துப் பாட்டி தன் பேரனின் கதையைத் தமிழில்தான் முழுமையாகச் சொல்வார். அதைத் தமிழில் கேட்டு, தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் சட்ட வாசகமாக எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே தேவை. நாம் கற்கும் தமிழ், இவ்விடத்தில் பிறர் துயர் துடைக்கும் கருவியாகிறது.

இத்துறையில் புகழ் குறைவு. காத்திருப்பு அதிகம் என்பது உண்மையே. பத்தாண்டு உழைத்து எழுதிய பரிந்துரை, ஆட்சி மாறினால் மேசை இழுப்பறையிலேயே கிடக்கலாம். வெற்றி பெற்றாலும் செய்தித்தாளில் எழுதியவரின் பெயர் வராது. வருமானத்தை மட்டும் கருதுவோர்க்கு இது ஏற்றதன்று. ஆயினும், உழைப்பின் பயன் முகமறியாத பல்லாயிரம் பேரைச் சென்றடையும் துறைகள் எத்தனை உள்ளன?

ஆர்வமுள்ள மாணவர்கள் எஸ்.பி.எம். முடித்து, ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ பயின்று, சட்டத்துறையில் பட்டம் பெறலாம். தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞராகப் பதிவுபெற ஒன்பது மாதப் பயிற்சியும் உண்டு. சில ஆண்டு நீதிமன்ற அனுபவம் பெற்றபின் சட்டக் கொள்கைத் துறைக்கு வருவது நன்று. சட்டம் எங்கே மனிதர்களைக் காயப்படுத்துகிறது என்பதை அங்கேதான் நேரில் காணலாம்.

அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். பள்ளி விதிமுறைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இவ்விதி யாரைக் காக்கிறது, யாரை விட்டுவிடுகிறது, எந்தச் சொல்லை மாற்றினால் அவரும் உள்ளே வருவார் என்று வகுப்பில் கலந்துரையாடுங்கள். மரண தண்டனைச் சட்டத்தையும் குடியுரிமைப் பிரிவையும் மாற்றியவர்கள் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்டார்கள்.