வெங்காயமும் தேசியமும்

1817ஆம் ஆண்டு றிக்காடோ எழுதிய வாணிபத் தத்துவத்தை வகுப்பிலே படிக்கின்றோம். இங்கிலாந்து துணி நெய்ய, போர்த்துக்கல் திராட்சை மது வடிக்க, இரண்டையும் மாற்றிக்கொண்டால் இரு நாட்டுக்கும் ஆதாயமாம். கணக்கிலே பிழையில்லை. ஆயினும் வலிகாமத்துச் செம்மண்ணிலே வளர்ந்த மாணவனாகிய எனக்கு, அக்கணக்கினுள் வெங்காயம் நட்ட கமக்காரனைக் காணமுடியவில்லை.

1970இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பணம் புழங்கியது. உத்தியோகத்துக்குக் காத்திருந்த இளைஞரும் மண்வெட்டி எடுத்தனர். விந்தை யாதெனில், பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைக் கொணர்ந்ததும், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்ததும் அதே அரசாங்கமே! அந்தத் தேசியம் எங்கள் தோட்டத்துக்கு வேலியாயிற்று. எங்கள் படிப்புக்கும் வேலியாயிற்று.

1977இல் வந்த அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தைப் புகுத்திற்று. இறக்குமதிச் சரக்கு வந்து குவிய, தோட்டக்காரருடைய விளைபொருளின் விலை வீழ்ந்தது. கொழும்பிலே மலிவாக மிளகாய் வாங்கியவர்களை நான் குறைகூறேன். முன்னர் கூடிய விலை கொடுத்து எங்களைத் தாங்கியவரும் அவர்களேயன்றோ? கடல் வாணிபமும் எமக்குப் புதிதன்று. எம் முன்னோரின் புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தைவரை சென்றது.

சுதந்திர வாணிபம் பேசுவோரிடம் நான் கேட்பது சிறிது. இறக்குமதிக் கதவைத் திறக்கும் நாளை, நடுகைக்கு முன்னரே கமக்காரனுக்கு அறிவியுங்கள். அறுவடை வேளையிலே திறவாதீர்கள்.