சாப்பாட்டை மாற்றினார்; குடல் மாறியது!

இரண்டே வாரம்தான். அதற்குள் 40 பேருடைய குடலுக்குள் பெரிய மாறுதல் ஏற்பட்டுவிட்டது!

அவர்களுக்கு மருந்து கொடுக்கவில்லை. ஊசி போடவில்லை. சாப்பாட்டை மட்டும் மாற்றினார்கள்.

மாற்றிப் பார்த்தவர் டாக்டர் ஸ்டீபன் ஓகீப். அமெரிக்காவில் உள்ள பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குடல் நோய் நிபுணர். அவருடைய ஆராய்ச்சி 2015-ம் ஆண்டு வெளியாயிற்று.

அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களைப் பெருங்குடல் புற்றுநோய் அதிகமாகத் தாக்குகிறது. ஆண்டுதோறும் லட்சம் பேரில் சுமார் 65 பேருக்கு வருகிறது என்று ஓகீப் குழுவினர் கணக்குக் காட்டினார்கள். தென் ஆப்பிரிக்கக் கிராமங்களிலோ, லட்சத்தில் 5 பேருக்குக்கூட வருவதில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களின் முன்னோர்களும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களே. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போகப்பட்டவர்கள். அப்படியிருக்க, இவ்வளவு வித்தியாசம் ஏன்?

இலை மாறியது

அமெரிக்கர் 20 பேர். தென் ஆப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். எல்லாரும் 50 வயதைக் கடந்தவர்கள். இவர் சாப்பாட்டை அவருக்கும், அவர் சாப்பாட்டை இவருக்கும் கொடுத்தார்கள்.

கிராமத்தார் அதுவரை சாப்பிட்டு வந்தது மக்காச்சோளக் கூழ், பயறு, காய்கறி. இப்போது அவர்களுக்கு இறைச்சியும், வறுத்த உருளைக்கிழங்கும் கிடைத்தன. அவர்களுக்கு அது விருந்தாகவே தோன்றியிருக்கும்! நாளுக்கு 66 கிராம் நார்ச்சத்து சாப்பிட்டவர்களுக்கு 12 கிராம்தான் கிடைத்தது. கொழுப்பு ஏறியது.

அமெரிக்கருக்கு நேர் எதிர். 14 கிராமாக இருந்த நார்ச்சத்து 55 கிராமாயிற்று. கொழுப்பு பாதிக்கு மேல் குறைந்தது.

குடல் சொன்ன சேதி

சாப்பாடு மாறும் முன்பும், மாறிய பின்பும், காமிரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் அமெரிக்கரின் குடலில் அழற்சி குறைந்திருந்தது. கிராமத்தாரின் குடலில் அது கூடியிருந்தது!

காரணம், குடலில் குடியிருக்கும் கோடானு கோடிக் கிருமிகள். எல்லாக் கிருமியும் பகையல்ல. நாம் சீரணிக்க முடியாத நாரை அவை தின்கின்றன. தின்று, பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுதான் ஆகாரம். அமெரிக்கருக்கு அது இரண்டரை மடங்காகப் பெருகியது. கிராமத்தாருக்குப் பாதியாகக் குறைந்தது. கொழுப்பு மிகுந்தால் பித்தநீர் அதிகம் சுரக்கும். வேறு சில கிருமிகள் அதைக் குடலைப் புண்படுத்தும் பொருளாக மாற்றிவிடும்.

ஆக, பிறந்த குலத்தை விட, தின்ற சோறுதான் பெரிதாகப் பேசியது. கூழை "இல்லாதவன் சாப்பாடு" என்று இகழ்வது எந்த நாட்டிலும் உண்டு. கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் அதைத்தான் கைவிடுகிறார்கள். அந்த 40 பேரின் குடலைப் பார்த்த பிறகும் அப்படி இகழ்வது அறியாமையே.

ஆனால், "இரண்டு வாரத்தில் புற்றுநோய் குணம்" என்று யாராவது இதைக் காட்டி வியாபாரம் செய்தால் நம்ப வேண்டாம். ஓகீப் கண்டது புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அடையாளங்களில் ஏற்பட்ட மாறுதலைத்தான். வயது, பரம்பரை என்று வேறு காரணங்களும் உண்டு. கூழ் குடிப்பவருக்கும் மலத்தில் ரத்தம் வந்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். பலர் வெட்கப்பட்டு, மூலம் என்று சொல்லி நாளைக் கடத்துகிறார்கள். வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை!

இன்னொன்று. ஆராய்ச்சிக்கு வந்த அமெரிக்கர்கள் தங்களுக்கு ஒரு நோயும் இல்லை என்றுதான் வந்தார்கள். முதல் முறை குழாயில் பார்த்தபோது, ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடலில் சிறு சதை வளர்ந்திருந்தது. கிராமத்தாரில் ஒருவருக்கும் இல்லை. இத்தகைய சதைகளில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும். அதற்கு முன்பே கண்டுபிடித்தால், அதே குழாய் வழியாக வெட்டி எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.