ஐந்தருவியில் நிக்கும், தென்காசியில் ஓடும்!

வீட்ல டி.வி. ரிப்பேர்னு ஆளைக் கூப்பிட்டா, அவர் வந்து நிக்கிற நேரம் பாத்து படம் பளிச்சுனு தெரியும். அனுபவம் உண்டா? இந்த வகை வில்லங்கத்துலயே பெரிய வில்லங்கம், பழைய கார் ‘சில நேரம் மட்டும்’ ஸ்டார்ட் ஆகாம போறது. எப்பவுமே ஸ்டார்ட் ஆகலைன்னா சந்தோஷம் பாஸ், ஒரு மத்தியானத்துல கண்டுபிடிச்சிடலாம். பத்துல ஏழு தடவை ஒழுங்கா ஓடுற வண்டிதான் பர்ஸைக் காலி பண்ணும்.

எங்க மாமாவோட 1996 மாடல் மாருதி 800 அந்த ஜாதி. மாமாவுக்கு ஐந்தருவியில சீசன் கடை. நேந்திரங்காய் சிப்ஸ், துண்டு, சோப்பு, எண்ணெய். காலையில தென்காசியில சரக்கு ஏத்திட்டு மேல போவார், ராத்திரி கடையை மூடிட்டு இறங்குவார். நடுவுல வண்டி நாள் முழுக்க சாரல்ல நிக்கும். வருஷத்துல மூணு மாசம் வர்ற சீசன்தான் குடும்பத்துக்கே வருமானம். போன சீசன்ல வாரத்துக்கு ரெண்டு ராத்திரி வண்டி மக்கர். மறுநாள் வெயில் வந்ததும் தென்காசி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போவார். அங்க சாவியைத் தொட்டதுமே ‘விர்ர்ர்’!

ஒர்க்‌ஷாப்ல என்ன பண்ணுவாங்க? முதல்ல பேட்டரி மாத்தினாங்க. அப்புறம் பிளக். அப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு தடவையும் வண்டி நல்லாத்தான் வெளிய வந்துச்சு, ஏன்னா உள்ள போகும்போதும் நல்லாத்தான் போச்சு. “மருமவனே, இந்தக் கழுதைய பழைய இரும்புக்குப் போட்டுருதேன், பாத்துக்கிடு”ன்னு மாமா முடிவே பண்ணிட்டார். மெக்கானிக் அண்ணாச்சியைக் குத்தம் சொல்ல மாட்டேன். கோளாறு ஐந்தருவியில இருக்கு, அவரு தென்காசியில இருக்காரு. நடுவுல பத்து கிலோமீட்டர் கூட கிடையாது. ஆனா அந்தக் கோளாறு ஒரு நாளும் மலையை விட்டு இறங்கி வரலையே!

அதனால நான்தான் மேல போனேன். நாலு நாள் கடையில சிப்ஸ் பொட்டலம் கட்டிக்கிட்டே காத்திருந்தேன். அஞ்சாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்கு வண்டி படுத்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், மாமா முறைச்சார்.

அந்த நேரத்துல முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். செல்ஃப் எடுக்குதா, இல்லையா? (நம்ம ஊர்ல ‘செல்ஃப்’னு சொல்றோமே, அது செல்ஃப் ஸ்டார்ட்டர். 1912-ல காடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங் அதைக் கொண்டு வர்ற வரைக்கும் பெரும்பாலான கார்களுக்கு முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தணும். கை மணிக்கட்டு போனவங்க நிறைய.) சாவியைத் திருப்பினா ‘டிக்’னு மட்டும் சத்தம் வந்தா அது ஒரு ரூட்டு. ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு திருப்புங்க. லைட் அப்படியே செத்துப்போனா பேட்டரியில சார்ஜ் இல்லை, இல்லைன்னா டெர்மினல்ல பூஞ்சை மாதிரி வெள்ளை பிடிச்சிருக்கும், இல்லைன்னா எர்த் ஒயர் லூஸ். லைட் மங்காம ‘டிக்’ மட்டும் வந்தா செல்ஃப் மோட்டாரையும் அதுக்கு மேல இருக்கிற சொலினாய்டையும் சந்தேகப்படலாம். லேப்ல தூங்குற மல்டிமீட்டர் கைவசம் இருந்தா இன்னும் நல்லது. ஓய்வா இருக்கிற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் எடுக்கும்போது 9.6-க்குக் கீழ போகக் கூடாது.

எங்க கேஸ்ல செல்ஃப் ஜம்முனு சுத்துச்சு. ஆனா பத்தலை. இன்ஜினுக்கு வேண்டியது காத்து, பெட்ரோல், தீப்பொறி. இதுல எது வரலை? இக்னிஷனை ஆஃப் பண்ணிட்டு, ஏர் ஃபில்டரைக் கழட்டி, கார்புரேட்டர் வாயைப் பாத்துக்கிட்டே ஆக்ஸிலரேட்டர் கேபிளை அசைச்சேன். சின்னதா பெட்ரோல் பீய்ச்சுச்சு. பெட்ரோல் ஓகே. ஃபில்டரைத் திரும்ப மூடிட்டு, ஒரு ஸ்பேர் பிளக்கை ஒயர்ல மாட்டி, அதோட உடம்பு இன்ஜின் இரும்புல படுற மாதிரி, கார்புரேட்டருக்குத் தள்ளி வெச்சு, மாமாவை சாவி போடச் சொன்னேன். நல்ல பொறி நீலமா ‘டக் டக்’னு வரணும். வரவே இல்லை.

பானெட்டுக்குள்ள டார்ச்சை அணைச்சிட்டு இன்னொரு தடவை சுத்தச் சொன்னேன். கும்மிருட்டுல டிஸ்ட்ரிபியூட்டர் கேப் மேல மின்னல் குட்டி மாதிரி நீலக் கோடு ஓடுச்சு பாருங்க, மாமாவே வாயைப் பொத்திட்டார்! பிளக்குக்குப் போக வேண்டிய கரன்ட், குறுக்கு வழியில ஓடிக்கிட்டு இருக்கு. காயில்ல இருந்து வர்றது சாதாரண 12 வோல்ட் இல்லை, இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டுற சமாச்சாரம். ஈரம் கொஞ்சம் வழி காட்டினா போதும், அதுல போயிடும்.

கேப்பைக் கழட்டினா உள்ள முத்து முத்தா தண்ணி. கடையில விக்கிற துண்டு ஒண்ணை எடுத்துத் துடைச்சு மாட்டினோம், அடுத்த செகண்ட் வண்டி ஸ்டார்ட்.

“முடிஞ்சிதுல்லா?”ன்னார் மாமா. முடியலை. சாரல் எல்லா வண்டி மேலயும்தான் அடிக்குது, பக்கத்துல நின்ன அதே மாடல் 800 நல்லாத்தானே போகுது? மறுநாள் வெளிச்சத்துல பாத்தப்ப பிடிபட்டுச்சு. கேப்ல முடி மாதிரி ஒரு விரிசல், அது மேலயே பென்சில்ல கிழிச்ச மாதிரி கறுப்புக் கோடு. அது கார்பன், கரன்ட் கடத்தும். இன்ஜின் ஆறும்போது உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, மலைக்காத்து ஈரத்தை அந்த விரிசல் வழியா உள்ள இழுக்குது. காலையில வெயில் பட்டா காய்ஞ்சிடும். ஒர்க்‌ஷாப்ல தடயமே இருக்காது.

இங்கதான் எனக்குப் பிடிச்ச கட்டம். அண்ணாச்சிக்கு வெறும் வாயால சொன்னா நம்புவாரா? துணி தேய்க்கும்போது தண்ணி தெளிப்போமே, அந்த ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கிட்டு தென்காசி போனோம். நல்லா வெயில். இக்னிஷனை ஆஃப் பண்ணி, கேப் மேல லேசா ரெண்டு தடவை அடிச்சேன். சாவி போட்டார். சுத்துது, பத்தலை! மூணு மாசமா அவர் பார்க்காத கோளாறு, அவர் வாசல்லயே. புது கேப் போட்டு அதே மாதிரி தண்ணி அடிச்சோம். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட். மாத்தினதுலயே விலை கம்மியான பார்ட் இதுதான்.

உங்க வண்டியில டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாம இருக்கலாம். கார்புரேட்டர் காலம் முடிஞ்சு, மாருதி 800-ஏ 2014-ல உற்பத்தியை நிறுத்திடுச்சு. ஆனா வித்தை அதேதான். எஃப்.ஐ. வண்டி சூட்டுல நின்னு, அரை மணி நேரம் ஆறினதும் ஸ்டார்ட் ஆகுதா? கிராங்க் சென்சார் மேல சந்தேகப்பட்டு, ஹேர் டிரையரால அதைச் சூடாக்கிப் பாப்பாங்க. குலுக்கினா வேலை செய்யுதா? ஒவ்வொரு ஒயரா அசைச்சுப் பாக்கணும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலை ஏறின கார்புரேட்டர் வண்டி நின்னுட்டா, பைப்ல பெட்ரோல் ஆவியாகி அடைச்சிருக்கலாம், ஆற விடுங்க. எதுவா இருந்தாலும் கோளாறை உங்க இஷ்டத்துக்கு வரவழைக்க முடிஞ்சப்புறம்தான் பார்ட்ஸ் வாங்கக் கடைக்குப் போகணும்.

முன்னெச்சரிக்கை: நியூட்ரல், ஹேண்ட் பிரேக் ரெண்டும் கட்டாயம். சுத்தும்போது பிளக் ஒயரைக் கையால பிடிச்சு வீரம் காட்டாதீங்க, உதறி எறியும். பெட்ரோல் வாசனை அடிச்சா பொறி டெஸ்ட் வேண்டவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டு எழுதிட்டுப் போங்க. மாமா டேஷ்போர்டுல இப்பவும் ஒண்ணு இருக்கு: “சனி, ராத்திரி 9.30. ஏழு மணி நேரம் நின்னது. சாரல். செல்ஃப் நல்லா எடுக்கு. பத்தலை.”