கையளவு பஞ்சும் கைநழுவும் பணமும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் துணிக்கொடிக்கு வேலை இல்லை. அடுக்ககத்தின் குறுகிய பால்கனியில் விரித்த துணி இரண்டு நாளானாலும் ஈரம் மாறாமல் வாடை வீசும். கொச்சியிலும் மங்களூரிலும் மழைக்காலத்தில் இதே நிலைதான். பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று விதி வகுத்துள்ள குடியிருப்புகளும் பெருநகரங்களில் உண்டு. எனவே, ஒரு காலத்தில் ஆடம்பரமாகக் கருதப்பட்ட துணி உலர்த்தும் இயந்திரமாகிய டிரையர், இன்று நடுத்தரக் குடும்பங்களின் தவணைப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. அதில் தவறேதும் இல்லை. ஆனால், ஒரு பொருளை வாங்குவதற்குத் திட்டமிடும் நாம், அதைப் பேணுவதற்குத் திட்டமிடுவதில்லை. இதுவே நமது கவலை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் இல்லத்து டிரையரின் டிரம் சுழன்றது. துணி மட்டும் சூடேறவில்லை. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர், ஹீட்டர் போய்விட்டது என்றும், செலவு செய்வதைவிடப் புதியது வாங்குவதே மேல் என்றும் கூறினார். நாங்களும் ஏறக்குறைய இசைந்து, புதிய தவணைக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டோம். ஒரு நண்பரின் வற்புறுத்தலால் மற்றொருவரை அழைத்தோம். அவர் மின் இணைப்பைத் துண்டித்து, வடிகட்டியை உருவி, அது இருந்த இடத்தினுள் கையை விட்டுப் பிடிபிடியாகப் பஞ்சை வெளியே எடுத்தார். காற்று செல்ல வழியின்றி வெப்பம் தேங்கியதால், ஆபத்தைத் தடுப்பதற்கென்றே பொருத்தப்பட்ட வெப்ப ஃபியூஸ் அறுந்திருந்தது. ஹீட்டருக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சிறு உறுப்பை மாற்றியதும் இயந்திரம் உயிர்பெற்றது. குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை. ஓராண்டாக அந்த வடிகட்டியை ஒழுங்காகத் துடைக்காத நாங்களே.

டிரையர் இயங்கும் முறை எளியது. காற்றைச் சூடாக்கிச் சுழலும் துணிகளினூடே செலுத்தி, ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுவது ஒரு வகை. உள்ளேயே குளிர்வித்து நீராக்கித் தொட்டியில் சேர்ப்பது மற்றொரு வகை. எவ்வகையாயினும் காற்றோட்டமே அதன் மூச்சு. ஒவ்வொரு முறையும் துணியிலிருந்து உதிரும் நூல்துகள் அந்த மூச்சை அடைக்கிறது.

அடைப்பின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2 கிலோவாட் மின்திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் செலவாகும். காற்று அடைபட்டு அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஓட நேர்ந்தால், செலவு 3 யூனிட் வரை எட்டும். வாரம் நான்கு முறை எனில், நான்கு மாத மழைக்காலத்தில் 68 யூனிட் வரை வீண். பழுதுச் செலவு இதில் சேரவில்லை.

ஆகவே, சில வழக்கங்களை வீட்டு நெறியாகவே கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை உலர்த்திய பின்னும் வடிகட்டியைத் துடைக்க வேண்டும். நீர்த்தொட்டி உள்ள வகையில் அதையும் உடனே காலி செய்ய வேண்டும். காற்றை வெளியேற்றும் குழாய் மடிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. துணி ஈரமாகவே இருக்கையில் இயந்திரம் முன்னதாக நின்றுவிட்டால், டிரம்மினுள் உள்ள ஈரம் உணரும் உலோகப் பட்டைகளை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கலாம்; துணி மென்மையாக்கும் திரவத்தின் படிவு அவற்றை மறைத்திருக்கக்கூடும். மோட்டார் ஓசை கேட்டும் டிரம் சுழலவில்லை எனில், பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு. அதையும் மின் உறுப்புகளையும் தேர்ந்தவரிடமே விட வேண்டும்.

பணத்தைவிடப் பெரியது பாதுகாப்பு. பஞ்சு எளிதில் தீப்பற்றும். எண்ணெய்க் குளியலுக்குப் பயன்படுத்திய துண்டு, சமையலறையில் எண்ணெய் துடைத்த துணி ஆகியவற்றில், துவைத்த பின்னும் எண்ணெய் எஞ்சியிருக்கலாம். அவை உலர்ந்த சூட்டோடு குவிந்து கிடந்தால் தாமே வெப்பமேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அத்தகைய துணிகளுக்குக் கொடியே தகுந்த இடம். டிரையரை நீட்டிப்புக் கம்பியில் இணைப்பதும், ஓடவிட்டு வெளியே செல்வதும், உறங்கப் போவதும் கூடா.

விற்பனையாளருக்கும் ஒரு வார்த்தை. பல கடைகளில் நீட்டித்த உத்தரவாதத்தை விற்பதில் காட்டும் ஊக்கம், வடிகட்டியை எப்படித் துடைப்பது என்று காட்டுவதில் இல்லை. பராமரிப்புக் குறைவால் நேரும் பழுதை உத்தரவாதம் ஏற்கிறதா என்பதை, கையொப்பமிடுமுன் நாம் படித்தறிய வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. குறை தீராதபோது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம். புதியது வாங்குங்கள் என்று ஒருவர் சொன்னால், பழுதான உறுப்பு எது, அதன் விலை என்ன என்று எழுத்தில் கேட்பதும் மற்றொருவரின் கருத்தைப் பெறுவதும் நமது உரிமை.

தவணை செலுத்தும் தேதியை நாம் மறப்பதில்லை. அதே நாட்காட்டியில் டிரையரை முழுமையாகச் சுத்தம் செய்யும் நாளையும் குறித்து வைப்போம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்குவோம். சேமிப்பு என்பது வங்கிக் கணக்கில் மட்டும் நிகழ்வதன்று. வடிகட்டியிலிருந்து நாம் எடுத்தெறியும் ஒரு கைப்பிடிப் பஞ்சிலும் அது இருக்கிறது.