சட்டகம் திறந்த சாளரத்துக்கு யார் பொறுப்பு?

1996-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0, ஒரே உலாவிச் சாளரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனிப் பக்கத்தை ஏற்றும் 'ஃபிரேம்' என்னும் சட்டக முறையையும், ஜாவாஸ்கிரிப்ட் மொழியையும் ஒருங்கே கொண்டுவந்தது. மெனுவை ஒவ்வொரு முறையும் தரவிறக்காமல் நடுவிலுள்ள படிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், அலுவலக மென்பொருள்கள் பல அம்முறையிலேயே எழுதப்பட்டன. 2014-இல் இறுதி வடிவம் பெற்ற எச்டிஎம்எல்5 அதைக் கைவிடவேண்டியவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டபோதும், உலாவிகள் இன்றும் அதைக் காட்டத்தான் செய்கின்றன.

இத்தகைய மென்பொருளைப் பராமரிப்பவரை மிகுதியும் அலைக்கழிப்பது பாப்-அப் சாளரங்களின் கணக்கு. 'விண்டோ.ஓப்பன்' என்ற கட்டளை புதிய சாளரத்தைத் திறந்து, பின்னர் அதை இயக்குவதற்கான சுட்டு ஒன்றைத் தருகிறது. நடுச்சட்டகத்தின் பக்கம் அச்சுட்டைத் தன் மாறியில் வைத்துக்கொள்ளுமானால், பயனர் அடுத்த படிவத்துக்குச் சென்றதும் பக்கத்தோடு மாறியும் மறைந்துபோக, சாளரம் மட்டும் திரையில் நிற்கிறது. பயனர் 'லாக் அவுட்' செய்த பின்னரும் வாடிக்கையாளரின் விவரங்களைக் காட்டியபடி அது திறந்தே கிடப்பதற்குக் காரணம் இதுதான்.

சட்டகங்கள் அனைத்தையும் தாங்கும் மேல்நிலைப் பக்கமாகிய ஃபிரேம்செட், உள்ளே எது மாறினாலும் தான் மாறாமல் இருப்பதால், சுட்டுகளை அதனிடம் ஒப்படைப்பதே முறை. உள்ளிருக்கும் பக்கம் அதை எட்டப் பயன்படும் பெயர்களில் 'பேரன்ட்' ஒரு படி மட்டுமே மேலே செல்லும். 'டாப்' எத்தனை அடுக்குக்குள்ளிருந்தும் உச்சியை அடையும். அங்கே ஒரே ஒரு செயற்கூறை எழுதி, சாளரத்தின் பெயரைக் கொண்டு சுட்டுகளின் பட்டியலில் தேடி, 'குளோஸ்டு' என்ற பண்பால் சாளரம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்னே கொண்டுவரவும் இல்லையேல் புதிதாகத் திறக்கவும் செய்யலாம். பக்கங்கள் யாவும் ஒரே தளத்தைச் சேர்ந்தவையாக இருந்தாலன்றி உலாவி இதை அனுமதிக்காது.

பாப்-அப்பின் பக்கமும் ஒரு கண்ணி உண்டு. தன்னைத் திறந்த சட்டகத்தை அது 'ஓப்பனர்' மூலம் அழைக்கும்போது, சட்டகம் அங்கேயே இருந்தாலும் அதிலுள்ள பக்கம் மாறியிருக்கக்கூடுமாதலால், பட்டியலைப் புதுப்பிக்கும் செயற்கூறு அங்கே இல்லாமல் பிழை எழுகிறது; 'ஓப்பனர்.டாப்' வழியாகச் சென்றால் இத்தொல்லை இல்லை. பயனர் எஃப்5 விசையைத் தட்டி ஃபிரேம்செட்டையே புதுப்பித்துவிட்டால் பட்டியலும் அழியும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

முழுவதையும் புதிதாக எழுதிவிடலாம் என்னும் ஆலோசனை எளிதில் கிடைக்கும்; நிதிதான் எளிதில் கிடைக்காது. சிதறிய 'ஓப்பன்' கட்டளைகளை ஓரிடத்தில் சேர்ப்பதோ சிறிய வேலை. சாளரம் மூடப்படும்வரை நிரலை அதே வரியில் நிறுத்திவைத்த 'ஷோ மோடல் டயலாக்' கட்டளைக்கு மட்டும் இவ்வழி போதாது. 2014-இல் குரோம் 37 அதை நீக்கிவிட்டதால், விடைக்காகக் காத்திருந்த ஒவ்வொரு வரியையும் பிரித்து, விடை வந்தபின் இயங்கும் தனிச் செயற்கூறாக மாற்றி எழுதவேண்டியிருக்கிறது.