சம்ப் கட்டிய படலம்

"நம்ம வீட்டுல ஒரு சம்ப் கட்டலாம்னு இருக்கேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாகத்தான் சொன்னேன். என் மனைவி முகத்தில் அப்படியொரு பிரகாசம்! குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, குடம் குடமாகப் பிடிக்கிறவள் அவள். ஐந்தே நிமிஷத்தில் சேதி வீட்டுச் சொந்தக்காரருக்குப் போய்விட்டது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருப்பது முன்கட்டு. நடுக்கூடத்தில் அவருடைய குழித்தறி. நெசவாளி மனுஷர், சட்டை போடாமல் அப்படியே எழுந்து வந்தார்.

"என்ன சார், என் வீட்டுல பள்ளம் தோண்டப் போறீங்களாமே? ஏற்கெனவே ஒரு பள்ளத்துல காலை விட்டுட்டு நாப்பது வருஷமா உக்காந்திருக்கேன். அது பத்தாதா?"

"ஐயோ அண்ணே, இது மீன் தொட்டிக்கு!"

பிரகாசம் அணைந்தது. "மீனுக்கு சம்ப்பா? அனந்தசரஸ் குளத்து மீனுக்கெல்லாம் யாருங்க சம்ப் கட்டினா?" என்றாள்.

நியாயமான கேள்வி. குளத்தில் சேறு இருக்கிறது, பாசி இருக்கிறது, பரப்பு இருக்கிறது. என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம். உள்ளே ஐந்து கோல்டு ஃபிஷ். இவை சாப்பிடுவதைவிட வெளியேற்றுவதில் கெட்டிக்காரர்கள். அந்தக் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத சில பாக்டீரியாக்கள் சம்பளமில்லாமல் வேலை செய்கின்றன. விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890-லேயே இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். அவை குடியிருக்க ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம் என்று இடம் கொடுக்க வேண்டும். இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. தொட்டிக்குக் கீழே தனியாக ஒரு பெட்டி வைத்து, மேலிருந்து வழியும் தண்ணீரை அதில் வடிகட்டி, மோட்டார் போட்டு மறுபடி மேலே அனுப்பினால் அதன் பெயர் சம்ப்.

சென்னை கொளத்தூரில், அதாங்க, வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம், தொட்டி வாங்கியபோது கூடவே தலைமேல் உட்காரும் அக்ரிலிக் ஃபில்டர் பெட்டி ஒன்றும் வந்திருந்தது. இரண்டடி நீளம், சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதையே கீழே இறக்கி சம்ப் ஆக்குவது என்று முடிவு.

உள்ளே தடுப்பு வைக்க அக்ரிலிக் துண்டுகளை சிலிக்கான் பசையால் ஒட்டினேன். மூன்றாம் நாள் தடுப்பு மாப்பிள்ளை முறுக்கோடு தனியே வந்து நின்றது. கண்ணாடியை விடாமல் பிடிக்கிற சிலிக்கான், அக்ரிலிக்கை மட்டும் மதிப்பதில்லை. நேம் போர்டு செய்கிற கடைக்காரர் சிரித்துவிட்டு, குளோரோஃபார்ம் ஊசியில் எடுத்து இடுக்கில் விட்டுக் கொடுத்தார். அது ஒட்டுவதில்லையாம், இரண்டு துண்டையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. (வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கே கிறுகிறுத்தது.) தொட்டியின் பின்பக்கம் மேலே ஓட்டை, வழிகிற தண்ணீருக்கு ஒரு பைப், மேலே ஏற்றுகிற மோட்டாருக்கு ஒரு பைப். முதல் அறையில் பழைய ஸ்பாஞ்ச், அடுத்ததில் வளையங்கள், கடைசியில் மோட்டார். இரண்டு நாள் ஜோராக ஓடியது. தெருவில் பாதிப் பேரைக் கூட்டி வந்து காட்டினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.

மோட்டார் நின்றதும், மேலே ஏறிய பைப் வழியாகவே தண்ணீர் கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது. பைப்பின் வாயை நான் தண்ணீருக்குள் நாலு அங்குலம் முக்கி வைத்திருந்தேன். நாலு அங்குலம் என்றால் என் தொட்டிக்கு 35 லிட்டர். சம்ப்பில் மிச்சமிருந்த இடம் ஏழெட்டு லிட்டர். பாக்கி இரண்டு குடம் தண்ணீர் கூடத்துச் சரிவில் வழிந்து நேராகத் தறிக்குழிக்குப் போய்விட்டது.

காலையில் பார்த்தபோது அவர் குழி ஓரம் குந்தியிருந்தார். தறியில் அரக்குக் கலர் புடவை, பாதிக்கு மேல் ஆகியிருந்தது. பட்டும் ஜரிகையும் முதலாளி எடை போட்டுத் தருவது. கறை பட்டால் கூலியில் பிடித்தம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறினாலே தறியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர். பின்னால் சுருட்டிக் கட்டியிருந்த பாவின் ஓரம் நனைந்திருந்தது. அந்த நூலை இழுத்து வேட்டி நுனியில் ஒத்தினார். எனக்கு மூச்சே வரவில்லை.

வேட்டி வெள்ளையாகவே இருந்தது. சாயம் இறங்கவில்லை.

"காயணும். ரெண்டு நாள் ஆவும்" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ரெண்டு நாள் கூலி என்று குத்துமதிப்பாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிகமிருந்த நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார். பிறகு சம்ப்பைக் குனிந்து பார்த்தார்.

"கேன்லேர்ந்து மண்ணெண்ணெய் உறிஞ்சி விடறப்ப, டியூப்ல காத்து பூந்தா நின்னுடுதே சார்? அந்த மாதிரி இதுல காத்து பூர ஒரு வழி பண்ணக் கூடாதா?"

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன் நான்!

ஊசியைக் காய்ச்சி, பைப்பில் தண்ணீர் மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே ஓட்டை போட்டேன். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அவர் முன்னாலேயே ஸ்விட்சை நிறுத்திக் காட்டினேன். 'களக்' என்று ஒரு சத்தம், தண்ணீர் நின்றது. சம்ப்பில் இதற்குமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மனைவியின் நகப்பூச்சால் ஒரு கோடும் போட்டாயிற்று. ஓட்டையைப் பாசி அடைத்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும்.

இருந்தாலும் ராத்திரி கரண்ட் போனால் முன்கட்டிலும் நடுக்கூடத்திலும் ஒரே நேரத்தில் டார்ச் எரிகிறது. அவர் குழியைப் பார்க்கிறார். நான் ஓட்டையைப் பார்க்கிறேன். "நின்னுடுச்சா சார்?" என்று அங்கிருந்து குரல் வரும். "நின்னுடுச்சுண்ணே" என்பேன்.

தண்ணீர் பிடிக்கிற அலாரம் மட்டும் அதே நேரத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறது.