கால் டொலரில் பெண்ணின் கை



ஒரு நாணயக்குற்றியைக் கையில் எடுத்தால் அதன் பெறுமதியைத்தான் பார்க்கிறோம். அதைச் செய்த கைகளை நினைப்பதில்லை. இம்மாதம் அமெரிக்காவின் கால் டொலர், அதாவது 25 சத நாணயத்தைப் பற்றி எழுத நான் விரும்பியதற்குக் காரணம் அந்தக் கைகள்தான். அவற்றிற் பல பெண்களுடையவை.

அமெரிக்க நாணயச்சாலை 1792 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிலடெல்பியா நகரில் அமைக்கப்பட்டது. முதலாவது கால் டொலர் 1796 இல் வெளிவந்தது. அவ்வாண்டில் அடிக்கப்பட்டவை 6,146 மட்டுமே. அன்று அது வெள்ளிக் காசு. ஆகவே அச்சிடுவதற்கு முன் ஒவ்வொரு வெள்ளி வட்டையும் தராசில் நிறுக்க வேண்டும். நிறை கூடினால் அரத்தால் அராவ வேண்டும். குறைந்தால் திரும்பவும் உருக்க வேண்டும். கண்ணும் கையும் பிசகக் கூடாத இந்த வேலைக்கு 1795 இல் சாரா வோல்ட்ரேக், ரேச்சல் சமர்ஸ் என்ற இரு பெண்கள் சேர்க்கப்பட்டனர். அமெரிக்க மத்திய அரசில் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலைசெய்த பெண்களில் இவர்களும் அடங்குவர். அக்காலக் காசின் முகத்திலும் பெண்ணுருவமே இருந்தது. ஆனால் அது ‘சுதந்திரம்’ என்ற கற்பனைப் பெண். உண்மையில் வாழ்ந்த பெண்ணல்ல.

வெள்ளி விலை ஏறியதால் 1965 ஆம் ஆண்டுச் சட்டம் கால் டொலரிலிருந்து வெள்ளியை நீக்கியது. இன்றைய காசின் நடுவில் செம்பும், இரு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகமும் உள்ளன. ஓரத்தைப் பார்த்தால் செம்பின் பழுப்புக் கோடு தெரியும். உலோகச் சுருளிலிருந்து வட்டுக்களை வெட்டி, உலையில் சூடாக்கி இளக்கி, கழுவி, விளிம்பை உயர்த்தி, பின்னர் இரு பக்கத்தையும் ஒரே அடியில் அச்சிடுகின்றனர். ஓரத்தில் 119 வரிகள் விழுகின்றன. வெள்ளிக் காசை யாரும் சுரண்டித் திருடினால் தெரியவேண்டும் என்பதற்காக வந்தவை அவ்வரிகள். வெள்ளி போனபின்னும் வரிகள் நிலைத்துவிட்டன.

இனி ஒரு பெண்ணின் கதைக்கு வருகிறேன். 1932 இல் வந்த ஜோர்ஜ் வாஷிங்டனின் 200 ஆவது பிறந்த ஆண்டையொட்டிப் புதிய கால் டொலருக்குப் போட்டி நடத்தப்பட்டது. நுண்கலை ஆணைக்குழு சிபாரிசு செய்தது லோரா கார்டின் பிரேசர் என்ற சிற்பியின் மாதிரியை. ஆனால் நிதிச் செயலாளர் அன்ட்ரூ மெலன், ஜோன் பிளனகன் என்பவரின் மாதிரியைத் தெரிவு செய்தார். அவருக்குப்பின் வந்தவரும் அம்முடிவை மாற்றவில்லை. பெண் என்பதால்தான் லோரா ஒதுக்கப்பட்டார் என்று பலர் கூறுவர். நான் அப்படி அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கலை அறிந்தவர்களின் சிபாரிசு தட்டிக்கழிக்கப்பட்டது உண்மை. லோரா 1966 இல் காலமானார்.

1933 இல், நாணயச்சாலையின் தலைமைக்கு முதன்முறையாக ஒரு பெண் வந்தார். நெல்லி டெய்லோ ரொஸ் என்ற அவர், வயோமிங் மாநில ஆளுநராக இருந்த கணவரை 1924 இல் இழந்தவர். பிள்ளைகளுடன் தனித்து நின்றவர், தேர்தலில் வென்று அமெரிக்காவின் முதலாவது பெண் ஆளுநரானார். பின்னர் 1953 வரை 20 வருடங்கள் நாணயச்சாலையை நடத்தினார்.

லோராவுக்கு உரிய இடம் 90 வருடங்கள் கழித்தே கிடைத்தது. 2022 முதல் 2025 வரை, ஆண்டுக்கு ஐவராக 20 பெண்களைச் சிறப்பித்துக் கால் டொலர்கள் வெளியிடப்பட்டன. முதலாவது கவிஞர் மாயா ஏஞ்சலோவுக்கு. இவை எல்லாவற்றின் முன்பக்கத்திலும் இருந்தது லோரா செய்த வாஷிங்டன் உருவமே.

அந்த இருபதின்மரில் என் மனதைத் தொட்டவர் மேரி வோக்கர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் காயப்பட்டோருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர். 1864 இல் எதிர்த்தரப்பால் சிறைப்பிடிக்கப்பட்டார். அவருக்கு வழங்கிய உயர் வீரப்பதக்கத்தை 1917 இல் அரசு இரத்துச் செய்தது. அவர் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டார். 1919 இல் அவர் இறந்தார். பதக்க உரிமை 1977 இல் மீள வழங்கப்பட்டது. 2024 இல் அவர் உருவம் காசில் ஏறியது.

பிந்திவந்த பெருமை இறந்தவர்களின் வயிற்றை நிரப்பாது, மனக்காயத்தையும் ஆற்றாது. அதை மறைத்து இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். லோராவின் மாதிரி பேணப்பட்டிருந்தது. அந்த இரு பெண்களின் பெயரும் நாணயச்சாலைப் பதிவில் இருந்தது. அதனால்தான் இன்று அவர்களைப் பற்றிப் பேச முடிகிறது.

சகோதரிகளே, நீங்களும் செய்த வேலையை எழுதி வையுங்கள். தைத்துக் கொடுத்த உடுப்பு, பார்த்த கூலி வேலை, சங்கத்தில் சேமித்த பணம் எல்லாவற்றையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் குறியுங்கள். கையொப்பமிடும் பத்திரங்களின் பிரதியை வைத்திருங்கள். நியாயம் பிந்தி வரலாம். வரும்போது உங்கள் பெயர் எழுத்தில் இருக்கட்டும்.